அடுப்பை யார் பார்த்துக்கொள்வது?

பனிமலையில் போய் உட்கார்ந்து புத்தகத்தை முடித்துவிடலாம் என்று ஒருமுறையாவது நினைக்காத எழுத்தாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எல்லோர் மனத்திலும் இருப்பது ஒரே படம்தான்: மரக்குடில், கணகணவென்று எரியும் அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் விழும் பனி, மேஜையில் வளர்ந்துகொண்டே போகும் தாள்கட்டு. அந்தப் படத்தில் அடுப்புக்கு விறகு போடுகிற ஆள் மட்டும் இருப்பதில்லை. அந்த ஆள் யார் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று குளிர்காலங்களைச் செலவழித்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

வழிகளும் மூன்று. ஆளரவம் இல்லாத மலைச்சரிவில் தனிக்குடிலை வாடகைக்கு எடுக்கலாம். மலையூர் ஒன்றில், ஒரு குடும்பம் நடத்தும் சிறிய விடுதியில் அறை எடுக்கலாம். அல்லது எழுத்தாளர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் உறைவிடத் திட்டத்துக்கு, ரெசிடென்சி என்கிறார்களே, அதற்கு விண்ணப்பிக்கலாம். மூன்றிலும் இருந்து பார்த்திருக்கிறேன்.

குடிலில் இருந்தது பதினோரு நாள். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு மூக்கு நுனி வலித்து விழிப்பு வந்தது. அடுப்பு அணைந்திருந்தது. கைவிளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு சாம்பலை வாரினேன், சிராய்களை அடுக்கினேன், தீக்குச்சியைக் கிழித்தேன். சிராய் பற்றியது, விறகு பற்றவில்லை. ‘ஸ்ஸ்’ என்று சீறியது, வெட்டுமுகத்தில் நுரை கொப்பளித்தது. ஈர விறகு. நன்றாக எரிய வேண்டுமானால் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்குப் பிளந்து அடுக்கி ஓராண்டாவது காயவிட வேண்டும் என்பதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு தெரிந்துகொண்டது. அன்று அறை சூடேற ஒன்றரை மணி நேரம் ஆனது. கதவை மூடியிருந்த பனியை வாரித் தள்ள முக்கால் மணி நேரம். அதற்குள் குழாய்த் தண்ணீர் உறைந்துபோயிருந்தது. இரவில் குழாயைச் சொட்டவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருந்த தாள் என் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது. வேறு வழியின்றி பனியை அள்ளி உருக்கினேன். புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. பத்துக் குவளை பனியை அள்ளி வைத்தால் ஒரு குவளைத் தண்ணீர் மிஞ்சும். மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்று. இரண்டரை மணிக்குச் சூரியன் எதிர்முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

எழுதிய நேரத்தைத் தினமும் நோட்டில் குறித்துவைப்பது என் வழக்கம். பதினோரு நாளையும் கூட்டிப் பார்த்தால் இருபத்தாறு மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம்கூடத் தேறவில்லை. கணக்கைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: “நீங்கள் போனது நாவல் எழுதவா, விறகு பிளக்கவா?”

சிரித்துவிட்டேன். ஆனாலும் குடிலை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அங்கே கிடைத்த நிசப்தம் வேறெங்கும் கிடைக்கவில்லை. புதிதாக விழுந்த பனி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அதன் துகள்களுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் காரணம். பெரும்பனி பெய்து ஓய்ந்த காலையில் வெளியே வந்து நின்றால் நம் மூச்சே நமக்குப் பக்கத்து ஆளின் மூச்சு போலக் கேட்கும். இரண்டு மூன்று நாளில் பனியின் மேற்பரப்பு உருகி இறுகி ஓடுபோல ஆகிவிட்டால் நிலைமை தலைகீழ். ஒலி அதில் பட்டுத் திரும்பும், பள்ளத்தாக்கில் நாய் குரைப்பது வாசலில் குரைப்பது போல இருக்கும். அந்த முதல் நாளின் நிசப்தத்தில், மண்வாரியும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோதுதான், ஒன்றரை ஆண்டாகப் பிடிபடாமல் இருந்த என் கதைசொல்லியின் குரல் பிடிபட்டது. ஒரே ஒரு வாக்கியம். கையுறையைக் கழற்றி எழுதிக்கொள்வதற்குள் விரல் மரத்துவிட்டது. நாவல் இன்றும் அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. மீதி அத்தனையும் வேறிடங்களில் எழுதியது.

ஆகவே குடிலின் கணக்கு இப்படி: பக்கங்கள் குறைவு, ஆனால் தலைக்குள் இருக்கும் இரைச்சல் அடங்கும். கதையை இன்னும் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது லாபம். முடிக்க வேண்டிய கைப்பிரதியோடு போகிறவருக்கு நஷ்டம்.

தனியாகப் போகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குளிர் புகக்கூடாது என்று அறையை இறுக அடைத்துவிட்டு அடுப்பை எரியவிடுகிறோம். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அறையில் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை கனக்கும், தூக்கம் வரும், எழுதி எழுதிக் களைத்துவிட்டோம் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். அதைக் கண்டறிந்து ஒலிக்கும் அலாரம் குடிலில் இருக்கிறதா என்று கேளுங்கள்; இருக்கிறது என்று சொன்னாலும் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். பனிச்சரிவு பற்றியும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் தொடங்குகின்றன. குடில் சமதளத்தில் இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. குடிலுக்கு மேலே என்ன இருக்கிறது, குடிலுக்குப் போகும் பாதைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பாதை மூடிவிட்டால் எத்தனை நாளில் திறப்பார்கள் என்பதற்கு நேரான பதில் வராத குடிலை நான் இனி எடுக்கமாட்டேன்.

தனிக்குடில் பிரியர்கள் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமாரில், மழைபெய்துகொண்டே இருந்த நாட்களில், தன் புதையல் தீவுக் கதையைத் தொடங்கியவர் பதினைந்து அத்தியாயங்களோடு நின்றுபோனார். மீதியை முடித்தது ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் பனியில், நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற வேகத்தில். உண்மைதான். ஆனால் அவர் தனியாக இல்லை. மனைவியும் மனைவியின் மகனும் உடன் இருந்தார்கள். டாவோஸும் ஆளில்லாக் காடு அல்ல. காசநோயாளிகள் காற்று மாற்றத்துக்காக வந்து குவிந்த ஊர், ஸ்டீவன்சனும் நெஞ்சு நோயோடு வந்தவரே. எல்லாவற்றுக்கும் மேலாக, கதை அதற்குள் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடராக வரத் தொடங்கிவிட்டது. அச்சகம் காத்திருக்கிறது என்றால் பாலைவனத்திலும் எழுதுவோம். பனிக்குப் போகிற புகழில் பாதியை அந்த இதழுக்குக் கொடுப்பதே நியாயம்.

விடுதிக்கு ஆதரவான சாட்சிகள் இன்னும் வலுவானவர்கள். ஹெமிங்வே 1925–26 குளிர்காலத்தில் ஆஸ்திரியாவின் ஷ்ருன்ஸ் என்ற ஊரில் டாவ்பே விடுதியில் தங்கித் தன் முதல் பெரிய நாவலைத் திருத்தினார். கவனியுங்கள், எழுதவில்லை, திருத்தினார். முதல் வரைவை முந்தைய கோடையிலேயே ஸ்பெயினிலும் பாரிஸிலும் விறுவிறுவென்று முடித்துவிட்டிருந்தார். ஜப்பானில் கவாபாத்தா 1934 முதல் யுசாவாவில் உள்ள ஒரு வெந்நீரூற்று விடுதிக்குத் திரும்பத் திரும்ப வந்து தங்கித் தன் பனிநாட்டுக் கதையைப் பகுதி பகுதியாக எழுதினார். ஒரே குளிர்காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்த காரியமல்ல அது. அந்த நாவலின் இறுதி வடிவம் 1948இல்தான் வந்தது. இரண்டு பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு: அடுப்பு, தண்ணீர், சாப்பாடு மூன்றும் வேறொருவர் பொறுப்பு.

நான் இருந்த விடுதியில் அந்த வேறொருவர் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. காலை ஆறு மணிக்கு நடைக்கூடத்தில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். ஆறேகாலுக்குச் சுவரோரத்துக் குழாய்கள் ‘டொக் டொக்’ என்று தட்டும், சூடு வருகிறது என்று அர்த்தம். ஏழரைக்குச் சாப்பாட்டு மணி. எட்டேகாலுக்கு நான் மேஜையில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் ஒன்பது மணிக்கு அறையைப் பெருக்க வரும் பெண் நான் எழுதிக்கொண்டிருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார், சும்மா இருந்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார். இந்த மிரட்டலை நம்பியே தினம் ஐந்து மணி நேரம் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட அடித்துக் குறைத்தேன் என்பது சரி; இருநூற்றுப் பத்துப் பக்கம் கொண்டுபோய் நூற்றி அறுபதோடு திரும்பினேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. வெள்ளி மாலை பனிச்சறுக்குக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அந்தக் கனத்த காலணியோடு மரப்படியில் பத்துப் பேர் ஏறினால் என்ன சத்தம் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சனி, ஞாயிறுகளில் எழுத முடியாது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது நல்லது. நான் அந்த இரண்டு நாளும் நடந்தேன், படித்தேன். இன்னொரு குறை மேஜை. விடுதிக்காரர்கள் மேஜை என்று சொல்வது பெரும்பாலும் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ஒரு பலகை. அறையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முழங்கை ஊன்ற இடமில்லாத மேஜையில் நாவல் திருத்த முடியாது.

வெளிச்சம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மலையூர்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும். குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போகும். தெற்கே உயர்ந்த மலை இருந்தால் ஊருக்கு வெயிலே கிடையாது. இத்தாலியின் விகனெல்லா என்ற சிற்றூர் இந்தத் தொல்லை தாங்காமல் 2006இல் எதிர்மலையில் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை விழவைத்தது. நார்வேயின் ர்யூகன் 2013இல் அதையே செய்தது. பகலெல்லாம் விளக்கு எரிகிற அறையில் ஐந்தாவது நாளே மனம் சோர்ந்துவிடும். வட அரைக்கோளத்தில் ஜன்னல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும், சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று விடுதியில் கேட்டுவிட வேண்டும். மாதமும் முக்கியம். ஆல்ப்ஸ் மலையின் அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டரை மணி நேரம்தான். பிப்ரவரி கடைசி வாரத்தில் பத்தரையைத் தாண்டிவிடும். பனி அப்போதும் குறையாது. விழாக்காலக் கூட்டமும் போயிருக்கும்.

வெளிச்சம் அதிகமானாலும் தொந்தரவுதான். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஜன்னலைப் பார்த்து மேஜையைப் போட்டுவிட்டு அரை மணி கழித்துத் திரையைப் பார்த்தால் எழுத்துகள் பச்சையாக மிதந்தன. மேஜையைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டேன். மலையைப் பார்க்க அவ்வளவு தூரம் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவதா என்றால், ஆமாம்.

உறைவிடத் திட்டம் என்றால் அடுப்பும் நம் கவலை இல்லை, வாடகையும் பெரும்பாலும் நம் கவலை இல்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் 1907 முதல் நடந்துவரும் மெக்டவல் உறைவிடத்தில் மதிய உணவைக் கூடையில் வைத்துக் காட்டுக்குள் இருக்கும் எழுத்தறையின் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்; முன்பு அங்கே தங்கியவர்களின் கையெழுத்துகள் நிறைந்த மரப்பலகைகள் சுவரில் தொங்கும். கனடாவில் ராக்கி மலைகளுக்கு நடுவே பான்ஃப் கலை மையம் 1933 முதல் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு மாதிரிப் பக்கங்களோடு பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தேதியை அவர்கள் சொல்வார்கள், கிடைக்காமலும் போகலாம். இந்தக் குளிர்காலத்திலேயே போக வேண்டும் என்று இன்று தோன்றியவருக்கு இது வழியல்ல.

கிடைத்தவருக்கோ இதைவிட நல்ல இடம் இல்லை என்பார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். நான் தங்கியிருந்தது சிறிய உறைவிடம், ஆறு பேர். பகலில் ஒருவர் வாசலை இன்னொருவர் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது விதி. அது தங்கமான விதி. ஆபத்து இரவுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. “இன்று எத்தனை பக்கம்?” என்று ஒருவர் பேச்சுக்குக் கேட்டார். இன்னொருவர் பன்னிரண்டு என்றார். நான் அன்று ஒரு பத்தியை மூன்று தடவை மாற்றி எழுதிவிட்டுப் பழையபடியே வைத்திருந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரிகூட இப்போது கைப்பிரதியில் இல்லை. மாறாக, அந்த மேஜையில்தான் ஒரு கவிஞர் என் இரண்டாம் பாகத்தைக் கேட்டுவிட்டு, தங்கைதானே கதைசொல்லியாக இருக்க வேண்டும் என்று போகிறபோக்கில் சொன்னார். ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அது. கூட்டத்தில் இருக்கும்போது இரண்டும் கிடைக்கும், தேர்ந்தெடுக்க முடியாது. பிறர் வேகத்தைக் கேட்டுக் கலங்குகிற சுபாவம் உங்களுக்கு இருந்தால் விடுதிக்குப் போங்கள். நீண்ட முதல் வரைவு, நான்கு வாரமாவது தேவை, கையில் காசில்லை என்றால் விண்ணப்பியுங்கள்.

செலவைப் பற்றிச் சொல்வதானால், விளம்பரத்தில் குடில்தான் மலிவாகத் தெரியும். விறகு, பனிச் சங்கிலி மாட்டிய வண்டி, இரண்டு வாரச் சாமான், கடைசி நாளில் பாதை மூடியதால் கூடுதலாக இரண்டு இரவு என்று சேர்த்துப் பார்த்தால் விடுதியோடு வந்து நின்றுவிடும். விடுதிக்கு ஒரு நாளுக்கு ஆவது அதிகம், ஆனால் பத்து நாளே போதும். எழுதிய ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவானது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடில் விடுதியைவிட இரண்டு மடங்கு ஆனது.

எங்கே போனாலும் உயரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல் எல்லாம் வரும், தூக்கம் துண்டு துண்டாகும். தூங்காதவன் எழுதும் வாக்கியத்தைக் காலையில் அவனாலேயே படிக்க முடியாது. டாவோஸ் ஏறக்குறைய 1,560 மீட்டர். ஷ்ருன்ஸ் அதில் பாதி உயரம்கூட இல்லை. பனிக்கு அது போதும். மடிக்கணினியைக் குளிரிலிருந்து நேரே சூடான அறைக்குக் கொண்டுவந்து திறக்காதீர்கள்; குளிர்ந்த பாகங்களில் ஈரம் படியும். பைக்குள்ளேயே மூடி வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. மைனஸ் 10 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டை வறண்டு, தாள் ஓரம் சுருண்டுகொள்ளும். அறையில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு: எழுதுவதற்காகப் போகாமல், பார்ப்பதற்காகப் போவது. தாமஸ் மான் 1912இல் டாவோஸில் சிகிச்சையில் இருந்த மனைவியைப் பார்க்கப் போய் மூன்று வாரம் இருந்தார். அதிலிருந்து பிறந்த நாவலைச் சிறுகதையளவு என்று நினைத்துத் தொடங்கியவர், முடித்து வெளியிட்டது 1924இல், பெரும்பாலும் எழுதியது தான் வசித்த மியூனிக் நகரில். கையில் நோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் போய் வருவது பலருக்கு இதனாலேயே போதுமானது. குற்ற உணர்ச்சியும் இருக்காது.

என் கையில் இப்போது இருப்பது இரண்டாம் வரைவு, தங்கையின் குரலில் மாற்றியது, முந்நூறு பக்கம். அடிக்க வேண்டும். ஆகவே பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பதினான்கு நாளுக்கு அதே விடுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்: தெற்கு ஜன்னல், முழங்கை ஊன்றக்கூடிய மேஜை, குழாய் தட்டும் சத்தம் கேட்கிற அறை. முதல் இரண்டும் முடியும் என்று பாட்டி பதில் எழுதியிருக்கிறார். குழாய்களைப் போன கோடையில் மாற்றிவிட்டார்களாம், இப்போது சத்தமே வராதாம். மன்னிப்புக் கேட்டிருந்தார்.